முத்துமாரி வைத்த மை

எங்கள் சந்தில், பம்பாய்ப் பேச்சில் கல்லியில், இப்போது முத்துமாரியைக் கள்ள ஓட்டுக்காரி என்று சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவளை ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனவர்கள். மீதிப் பேர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவளை அலையவிட்டவர்கள். நன்றி கெட்ட ஜென்மங்கள். மீன் வாங்குகிற இடத்தில் ஒருத்தியோடு, மகனின் டியூஷன் வாசலில் இன்னொருத்தியோடு என்று நான் சண்டை போட்டுப் போட்டுத் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். அதனால் நடந்ததை நடந்தபடி ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன். இதற்குப் பிறகும் அவளை அப்படிச் சொல்கிறவர்கள் என் வாயில் விழவேண்டியதுதான்.

என் பெயர் சுலைகா. வாப்பா மேலப்பாளையத்திலிருந்து தாராவிக்குத் தோல் வேலைக்கு வந்தவர். முத்துமாரியின் அப்பாவுக்குச் சங்கரன்கோவில் பக்கம். நாங்கள் இரண்டு பேரும் இதே கல்லியில் பிறந்து, முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். உட்கார்ந்தது நான்தான். அவள் நின்றாள். டீச்சர் எத்தனை தடவை தோளைப் பிடித்து அழுத்தினாலும் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவாள். கல்யாணமாகித் தொண்ணூறு அடி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போன பிறகும் அதே கதைதான். சாப்பிடுவது நின்றுகொண்டு, காய் நறுக்குவது நின்றுகொண்டு, ரயிலில் காலி சீட்டு இருந்தாலும் கதவோரம் நின்றுகொண்டு. "இவளக் கெட்டுனதுல எனக்கு ஒரு நாற்காலி லாபம்" என்பான் அவள் புருஷன் ராஜபாண்டி. வாஷி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் வேலை பார்க்கிறவன். நல்ல மனுஷன்.

அவளும் நானும் சலாவுதீன் பாயின் பட்டறையில் வேலை பார்த்தோம். தோல் பை தைக்கிற பட்டறை. வெட்டிய தோலின் ஓரம் வெளிறித் தெரியுமே, அந்த ஓரத்துக்குச் சாயம் தடவுவது எங்கள் வேலை. ஒரு மழைக்காலத்தில் ஆர்டர் இல்லாமல் பட்டறை படுத்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் சுப்புலக்ஷ்மி மேடம் வந்தார்.

மேடம் மாட்டுங்காவில் வளர்ந்தவர். செம்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியர். தேர்தலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். யார் ஜெயிப்பார்கள் என்று டி.வி.யில் ஜோசியம் சொல்கிற ஆள் இல்லை. ஜனங்கள் எதற்காக ஓட்டுப் போடுகிறார்கள், கவுன்சிலர் என்றால் அவர்களுக்கு யார், சாக்கடை அடைத்தால் யாரைத் தேடிப் போகிறார்கள் என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பவர். வீடு வீடாகப் போய்க் கேட்பதற்குத் தமிழும் இந்தியும் கொஞ்சம் மராட்டியும் பேசுகிற பெண்கள் அவருக்கு வேண்டியிருந்தார்கள். எங்களைச் செம்பூரில் ஒரு ஹாலில் வைத்துப் பழக்கினார்.

அவர் ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார். பிளைவுட் பெட்டி, மேலே தாள் போட ஒரு துவாரம், பூட்டு. கேள்வியெல்லாம் கேட்டு முடித்த பிறகு, கட்சிச் சின்னங்கள் அச்சடித்த ஒரு தாளைக் கொடுக்கவேண்டும். 'மாதிரி' என்று அதில் பெரிதாகப் போட்டிருக்கும். வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று ஒரு சின்னத்தில் முத்திரை வைத்து, மடித்து, பெட்டியில் போடவேண்டும். நாங்கள் பார்க்கக் கூடாது.

"மூஞ்சிக்கு நேரா கேட்டா ஒண்ணு சொல்றா, தனியா விட்டா வேறொண்ணு செய்யறா. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு வித்தியாசம் இருக்குன்னு பார்க்கறதுதான் என் வேலை" என்றார் மேடம். "அதுக்கு அவா பயப்படாம இருக்கணும். நீங்க தலையாட்டப்படாது, சிரிக்கப்படாது, என் ஓட்டு இவருக்குன்னு சொல்லப்படாது. சொல்லிக் கொடுத்ததைத் தவிர ஒண்ணும் செய்யப்படாது."

கதவைத் தட்டுகிற வேலை முத்துமாரிக்கு அப்படிப் பொருந்திப்போனது. படியேறி இறங்குவதற்குக் கூலி கொடுக்கிறார்கள் என்றால் அவளுக்கு வேறு என்ன வேண்டும். நான் இரண்டு வீடு முடித்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அவள் அடுத்த மாடிக்குப் போயிருப்பாள். மூஞ்சியில் அடித்தாற்போலக் கதவைச் சாத்துகிறவர்கள்கூட அவளுக்குத் திறப்பார்கள். அடுப்பு வேலையாக இருந்தால் வெங்காயத்தை வாங்கி நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்பாள். இப்படியே, பட்டறையில் ஆர்டர் வரும்போது அங்கேயும் வேலை பார்த்துக்கொண்டு, லோக்சபா, சட்டசபை என்று இரண்டு தேர்தல் பார்த்துவிட்டோம். கடைசியில், பல வருஷம் நடக்காமலே கிடந்த மாநகராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் கல்லியும் ஆராய்ச்சியில் விழுந்தது. சொந்தக் கல்லியில் கேட்கக் கூடாது என்பது விதி. ஆகவே அவள் குடியிருக்கிற பக்கம் எனக்கு, என் பக்கம் அவளுக்கு.

இந்த இடத்தில் ஆபிதா லாத்தாவைச் சொல்லவேண்டும். எங்கள் பேச்சில் அக்காவுக்கு லாத்தா. என் வீட்டுக்கு மேல் அறையில் தனியாக இருக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகள் பரீஹாவைக் கோபர்கைரனேயில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். லாத்தாவும் சலாவுதீன் பாயிடம்தான் வேலை. பட்டன் அடிப்பாள்.

போன சட்டசபைத் தேர்தலில் லாத்தாவின் பெயர் வாக்காளர் ஜாபிதாவில் இல்லை. காலையில் குளித்து, பெட்டியிலிருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனவளை, 'இடம் மாறிப் போய்விட்டார்' என்று எழுதியிருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கே மாறிப் போனாள்? கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த ஒரே அறைதான். அன்று பட்டறையில் எல்லோரும் மை வைத்த விரலை நீட்டி போட்டோ எடுத்தபோது அவள் கையைப் பை தைக்கிற தோலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நான் பார்த்தேன்.

வெளியாட்களுக்கு இது ஒரு சின்ன விஷயமாக இருக்கலாம். தாராவியில் அப்படி இல்லை. இடித்துக் கட்டப்போகிறார்கள், வீடு கொடுக்கும்போது யார் இங்கே இருந்தவர், யார் இல்லாதவர் என்று பார்ப்பார்கள் என்று பேச்சு. ஓட்டுப் போடாவிட்டால் பெயரை வெட்டிவிடுவான், பெயர் போனால் வீடு போச்சு என்று எங்கள் கல்லியில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அது நிஜமா பொய்யா என்று எனக்குத் தெரியாது. 'எதற்காக ஓட்டுப் போடுகிறீர்கள்' என்று மேடம் கேட்கச் சொன்ன கேள்விக்கு அதிகம் பேர் சொன்ன பதிலே 'பேரு இருக்கணும்ல' என்பதுதான்.

லாத்தா சும்மா இருக்கவில்லை. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். புருஷனின் பேப்பர் கேட்டார்கள், கரண்டு பில் கேட்டார்கள், அதிகாரி இல்லை நாளைக்கு வா என்றார்கள். பட்டறையில் பாதிநாள் லீவு போட்டுப் போட்டுச் சலாவுதீன் பாயிடம் ஏச்சு வாங்கினாள். பல நாள் முத்துமாரிதான் கூடப் போனாள். கடைசியில் பெயர் திரும்ப வந்தது. அச்சடித்த பக்கத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டாள் லாத்தா. இந்தத் தேர்தலில் ஓட்டுப் போடாமல் விட்டால் மறுபடி தூக்கிவிடுவார்கள் என்ற பயம் அவளைத் தூங்கவிடவில்லை.

தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முத்துமாரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் கல்லிக்கு வந்தாள். நான் வீட்டில்தான் இருந்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, எதிர்வீட்டு ராபியா வாயைத் திறக்கிறவரைக்கும். தாளைப் பெட்டியில் போட்டுவிட்டு, "மை வைக்காம என்னட்டி ஓட்டு" என்று விரலை நீட்டினாள் ராபியா. முத்துமாரி பையிலிருந்து ஸ்கெட்ச் பேனாவை எடுத்து விளையாட்டாக ஒரு கோடு போட்டாள். அதோடு தீர்ந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு வீட்டிலும் மை வை, மை வை என்று விரல்தான். மை வைத்தால்தான் தாளைப் போடுவேன் என்று ஒருத்தி அடம் வேறு. முத்துமாரிக்கு உட்காரத் தெரியாத காலைத் தவிர இன்னொரு குறையும் உண்டு. கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாது.

கடைசியில் ஆபிதா லாத்தா. அவள் தாளை மடித்துப் பெட்டியில் போட்டாள். பிறகு அவளும் விரலை நீட்டினாள்.

"இது மாதிரிதான் லாத்தா. நெச ஓட்டு வியாழக்கிழமை" என்றாள் முத்துமாரி.

"தெரியும்ட்டி. நான் என்ன மடச்சியா? போன தடவ எல்லாருக்கும் இருந்துது, எனக்கு இல்ல. இருந்தா எப்படி இருக்கும்னு பாத்துக்கிடுதேன், வை."

ஸ்கெட்ச் பேனா காய்ந்துபோயிருந்தது. முத்துமாரி உதறிப் பார்த்தாள், நாக்கில் தொட்டுப் பார்த்தாள், வரவில்லை. லாத்தா விரலை மடக்கவும் இல்லை. முத்துமாரியின் பையில் தோல் ஓரத்துக்குத் தடவுகிற சாயக் குப்பி எப்போதும் கிடக்கும், வீட்டில் வைத்தும் அந்த வேலை செய்வாள். அதைத் திறந்து, ஒரு தீக்குச்சியை முக்கி, நகத்திலிருந்து தோல்வரைக்கும் ஒரு கோடு இழுத்தாள். அச்சு அசலாக பூத்தில் வைக்கிற மைபோலவே இருந்தது. லாத்தா விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

பாத்திரம் தேய்த்ததில் ஸ்கெட்ச் பேனாக் கோடெல்லாம் அன்றைக்கே போய்விட்டது. தோலில் தடவிய சாயம் மழையில் நனைந்தாலும் போகக் கூடாது என்றுதான் செய்வார்கள். அது இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தும் அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலையில் நான் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து சமையலில் இருந்தேன். மத்தியானம் தாண்டி மேலேயிருந்து தின்னர் நாற்றம் வந்தது. பெயிண்டில் கலப்பார்களே, அதேதான். ஏறிப் போய்ப் பார்த்தேன். ஆபிதா லாத்தா நல்ல புடவையோடு தரையில் உட்கார்ந்து விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தின்னர், எலுமிச்சம்பழம், பிளீச்சிங் பவுடர் எல்லாம் சுற்றி இருந்தது. தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. நகத்தில் கோடு அப்படியே இருந்தது.

"ஹோ கயா ஆப்கா, போங்கன்னுட்டான்" என்றாள். "நான் போடவே இல்ல, போட்டாச்சுங்கான். பூத் ஏஜெண்டு பயலுவ சிரிக்கானுவ. ரெண்டாந்தடவ போட வந்திருக்கா கெழவின்னு ஒருத்தன் சொல்லுதான். எனக்கு என்ன வயசாயிட்டு?"

காலையில் திருப்பி அனுப்பப்பட்டவள், வீட்டுக்கு வந்து ஒருவரிடமும் சொல்லாமல் அத்தனை நேரம் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். முத்துமாரிக்குப் போன் போட்டேன். அவள் செம்பூர் ஆபீஸில் இருந்தாள். ஓட்டு நாளன்று ஆராய்ச்சிக்காரர்கள் கேள்வி கேட்ட இடத்துப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்பது மேடத்தின் கட்டளை, அதனால் அங்கே உட்கார்த்தி வைத்திருந்தார்கள். நான் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை, "வாரேன்" என்று வைத்துவிட்டாள். சயானில் பஸ்ஸை விட்டு இறங்கி அங்கிருந்து ஓடியே வந்திருக்கிறாள். வந்தவள் விரலைப் பார்த்தாள். அழுதாள். அழுதுகொண்டே லாத்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

எங்கள் பூத் பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தில். போன்களை வாசலில் பான் கடையில் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றோம். லாத்தாவுக்குத் துபாஷி, மொழிபெயர்த்துச் சொல்ல வந்தவள் என்று சொல்லி நானும் உள்ளே நுழைந்துவிட்டேன். உள்ளே இருந்த பூத் அதிகாரி கெட்டவர் இல்லை. காலையிலிருந்து சாப்பிடாத மூஞ்சி, மூக்குநுனியில் கண்ணாடி. முத்துமாரி இந்தியில் பாதி மராட்டியில் பாதியாகக் கொட்டினாள். இது ஓட்டு மை இல்லை ஸாஹப், தோல் சாயம், நான்தான் வைத்தேன், ஜாபிதாவைப் பாருங்கள், அவள் பெயரில் கோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அவர் புரட்டிப் பார்த்தார். கோடு இல்லை. பூத் ஏஜெண்டுகள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஜாபிதாவில் இவர் ஓட்டுப் போடவில்லை. விரலில் ஓட்டுப் போட்டுவிட்டார். நான் எதை நம்புவது?" என்றார் அவர் மராட்டியில். பிறகு முத்துமாரியைப் பார்த்து, "தேர்தலுக்கு முன்னால் வீடு வீடாகப் போய் விரலில் மை வைத்தாயா? உனக்கு விளங்குகிறதா நீ என்ன சொல்கிறாய் என்று?" என்றார்.

"விளங்குது ஸாஹப்."

"எழுதிக் கொடு. என்ன வைத்தாய், ஏன் வைத்தாய், யார் அனுப்பினார்கள், எல்லாம். கையெழுத்துப் போடு. இவர் ஓட்டுப் போடலாம். ஆனால் அந்தக் காகிதத்தை நான் போலீஸிடம் கொடுக்கவேண்டியிருக்கும்."

லாத்தாவுக்கு மராட்டி முழுக்க விளங்காது. போலீஸ் என்பது விளங்கியது. "வேண்டாம் முத்து. வா, போயிருவோம். அடுத்த தடவ போட்டுக்கிடுதேன்" என்றாள்.

"அடுத்த தடவ ஒங்க பேரு இருக்கும்னு யாரு சொன்னா" என்றாள் முத்துமாரி.

நான் வெளியே ஓடி, பான் கடையில் போனை வாங்கி மேடத்தைக் கூப்பிட்டேன். நவி மும்பையிலும் அன்றைக்குத்தான் தேர்தல், அவர் வேறு ஒரு குழுவோடு கோபர்கைரனேயில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அவளை எழுத வேண்டாம்னு சொல்லு" என்றார். "வேலை என்னோடது, பெட்டி என்னோடது. நான் வந்து எழுதிக் கொடுக்கறேன். கிளம்பிட்டேன்னு சொல்லு, சுலைகா."

திரும்பி ஓடி வந்து சொன்னேன். முத்துமாரி பெஞ்சின் மேல் குனிந்து, நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மேடம் பாலம் தாண்டி வாரதுக்குள்ள மிஷினுக்குச் சீல் வச்சிருவான்" என்றாள். நிறுவனத்தின் பெயரை மட்டும் எழுதவில்லை. யார் அனுப்பினார்கள் என்ற இடத்தில், ஒருவரும் அனுப்பவில்லை, மை வைத்தது என் புத்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதனால்தான் பிறகு மேடம் எவ்வளவு வாதாடியும் நிறுவனத்துப் பெரியவர்களுக்கு அவளை வேலையிலிருந்து தூக்குவது சுலபமாக இருந்தது. எங்கள் கல்லியில் எடுத்த பதில்கள் எல்லாவற்றையும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதெல்லாம் பிற்பாடு.

லாத்தா அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள். மிஷின் நீளமாகக் கத்தியது. வெளியே வந்தபோது உரிந்த தோலின் மேல் புது மை எரிந்திருக்கவேண்டும், விரலை ஊதிக்கொண்டே வந்தாள். ஆனால் சிரித்தாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அந்த மூஞ்சியில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

முத்துமாரியை ஒரு கான்ஸ்டபிள் வராந்தாவில் சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார். மேலதிகாரி ஜீப்பில் வந்துகொண்டிருக்கிறார், அவர் பார்த்துச் சொல்கிறவரைக்கும் நகரக் கூடாது என்றார். அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு முட்டியும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

"போட்டுட்டேன்ட்டி" என்று விரலைக் காட்டிய லாத்தா, குனிந்து முத்துமாரியின் கையைப் பார்த்தாள். "நீ போட்டியா?"

"அவரு வாஷிலேருந்து வந்ததும் சேந்து போவோம்னு இருந்தேன். மூணு மணிக்குப் போயிரலாம்னு நெனச்சேன், அதுக்குள்ள சுலைகா போன் போட்டுட்டா. பரவால்ல லாத்தா, நீங்க போங்க."

லாத்தாவின் மூஞ்சி மாறிவிட்டது. சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "இவ பூத்து எங்க" என்று என்னைக் கேட்டாள். தொண்ணூறு அடி ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஸ்கூல் என்றேன். லாத்தா கான்ஸ்டபிளைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தரைக்கு ஓட்டு முடியும்.

"செருப்பக் கழத்து" என்றாள் முத்துமாரியிடம்.

"எதுக்கு?"

"கழத்துங்கேன்ல."

அவள் கழற்றியதும் லாத்தா அந்த இரண்டு ரப்பர் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கள் ஊரில் ரேஷன் கடையானாலும் குழாயடியானாலும் ஆள் நிற்கவேண்டிய அவசியமில்லை. குடமோ பையோ செருப்போ வரிசையில் இருந்தால் அது ஆள் இருந்த மாதிரி. இடம் அவளுக்கு என்று அர்த்தம், ஒருத்தரும் தள்ளிவிட மாட்டார்கள். இங்கே அது செல்லாது லாத்தா என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வயசில் அப்படி நடக்கிற காலை நான் பார்த்ததில்லை, ரோட்டில் ஆட்டோக்காரன் பிரேக் போட்டுத் திட்டினான்.

அந்தப் பள்ளியில் இன்னும் நீள வரிசை நின்றது. வாசலில் என் விரலைப் பார்த்துவிட்டு என்னை நிறுத்திவிட்டார்கள். லாத்தா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு எப்படியோ நுழைந்துவிட்டாள். வரிசையின் கடைசியில் நின்ற பெண்ணுக்குப் பின்னால் அந்த இரண்டு செருப்பையும் ஜோடியாக வைத்தாள். தான் பக்கத்தில் நின்றுகொண்டாள். வரிசை ஒரு அடி நகர்ந்தால், செருப்பைக் காலால் ஒரு அடி தள்ளிவிடுவாள். பின்னால் வந்தவர்களும் செருப்பைத் தாண்டவில்லை, அதற்குப் பின்னால்தான் நின்றார்கள். எங்கள் ஜனங்கள்தானே.

நான் கேட்டுக்கு வெளியே நின்று ரோட்டைப் பார்ப்பதும் வரிசையைப் பார்ப்பதுமாகத் தவித்தேன். முத்துமாரி வரக் காணோம். மணி அடித்தார்கள். கான்ஸ்டபிள் கேட்டை இழுத்துப் பூட்டினார். இனிமேல் உள்ளே இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. ஒரு அதிகாரி சீட்டுக்கட்டோடு வந்து, வரிசையின் கடைசி ஆளிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டுக் கொடுத்துக்கொண்டே முன்னால் வந்தார்.

அப்போதுதான் முத்துமாரி வந்தாள். ஜீப்பில் வந்த அதிகாரி காகிதத்தைப் படித்து, அவளை போட்டோ எடுத்துக்கொண்டு, கூப்பிடும்போது வரவேண்டும் என்று அனுப்பியிருக்கிறார். வெறுங்காலோடு ஓடி வந்து கேட்டில் மோதி நின்றாள். கால் முழுக்கச் சாக்கடைச் சேறு. "கோலோ பாயி, ஏக் மினிட்" என்று கம்பியைப் பிடித்து ஆட்டினாள். கான்ஸ்டபிள் கையை விரித்தார்.

உள்ளே அதிகாரி லாத்தாவிடம் வந்துவிட்டார். கையைக் காட்டச் சொன்னார். லாத்தா காட்டினாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. போட்டுவிட்டு மறுபடி எதற்கு நிற்கிறாய் என்று இந்தியில் கேட்டார். லாத்தா கீழே செருப்பைக் காட்டினாள், பிறகு கேட்டைக் காட்டினாள். "யே உஸ்கா ஹை, வோ வஹாங் ஹை" என்றாள், இது அவளுடையது, அவள் அங்கே நிற்கிறாள் என்று. வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அதிகாரி கேட்டுக்கு வெளியே நின்ற முத்துமாரியைப் பார்த்தார். ஆள் உள்ளே இருந்தால்தான் சீட்டு, செருப்புக்குச் சீட்டுக் கொடுக்க முடியாது என்று சொன்னார். கடுமையாகக்கூடச் சொல்லவில்லை.

லாத்தா அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இந்தி மறந்துவிட்டது. தமிழிலேயே பேசினாள், அவருக்கு விளங்காது என்ற நினைப்பே இல்லாமல்.

"ஐயா, நான் இப்பதான் அந்தப் பள்ளிக்கூடத்துல ஒண்ணு போட்டுட்டு வந்தேன். மிஷின்ல அது இன்னும் இருக்கும். அத எடுத்து அவளுக்குக் குடுங்க. எம்பேர வேணும்னா வெட்டிக்கிடுங்க."

அவர் சட்டையை விடுவித்துக்கொண்டு அடுத்த ஆளுக்குச் சீட்டுக் கொடுத்தார்.